பத்து பவுண்டுக்கு ஒரு டிராம்

1948 ஆகஸ்டில் டிராம் பிரியர்கள் சிலர் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகருக்குப் போனார்கள். அங்கே டிராம்களின் காலம் முடியப்போகிறது. மேல்தளத்துக்குக் கூரையில்லாத பழைய வண்டிகள் விலைக்குக் கிடைக்கும், ஒன்று பத்து பவுண்டு என்று தெரிந்தது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 45ஆம் எண் வண்டியை வாங்கிவிட்டார்கள். நிறுத்த இடமில்லை, ஓட்டத் தண்டவாளமில்லை, வண்டியைப் பாதுகாக்கச் சங்கம் என்று ஒன்றுகூட இல்லை.

அது 1903இல் செய்த வண்டி. அந்த ஊரின் நடுவே பார்கேட் என்ற பழைய கோட்டைவாசல் உண்டு; அன்று டிராம் அதன் வளைவுக்குள் நுழைந்துதான் போகவேண்டியிருந்தது. வளைவுக்கு நடுவில்தான் உயரம், ஓரங்களில் தாழ்வு. அதனால் மாடியில் ஆட்கள் முதுகோடு முதுகாக, நடுக்கோட்டை ஒட்டி உட்காரும்படி நீளப் பலகை போட்டிருந்தார்கள். அந்த வாசலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு வண்டி! அதைப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டிருந்தால் அந்தத் தச்சர்களின் யோசனையும் சேர்ந்து அழிந்திருக்கும்.

டிராம் அருங்காட்சியகச் சங்கம் 1955இல்தான் அமைந்தது. வண்டிகள் சேர்ந்தன, ஓட்ட இடம் கிடைக்கவில்லை. நிறுத்திவைத்துக் காட்ட அவர்களுக்கு மனமில்லை. அது சரியான பிடிவாதம் என்பேன்: மோட்டாரின் முனகலும் மணியோசையும் இல்லாத டிராம் பாதி டிராம்தான்.

1959இல் டெர்பிஷயரின் கிரிச் கிராமத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி கண்ணில் பட்டது. அங்கே ஜார்ஜ் ஸ்டீபன்சன் அமைத்த பழைய பாதையின் தண்டவாளங்களை, வேல்ஸில் டாலிலின் ரயிலை மீட்டு ஓட்டிவந்த தொண்டர்கள் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூட்டம் தண்டவாளம் பெயர்த்த இடத்தில் இன்னொரு கூட்டம் தண்டவாளம் பதிக்க வந்தது. டிராமை நிறுத்திய ஊர்களின் தெருக்களிலிருந்தே தண்டவாளமும் கம்பங்களும் வந்தன. உழைத்தவர்கள் சம்பளமில்லாத் தொண்டர்கள்.

மின்சாரம் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. 1963இல் குதிரை பூட்டி டிராம் ஓட்டினார்கள். மறு ஆண்டு, 1964இல், மின்சார டிராம் ஓடியது.

இன்று அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களின் கையில் ஒரு பழைய பென்னிக் காசைத் தருகிறார்கள். டிராமில் ஏறி நடத்துநரிடம் அதைக் கொடுத்தால் டிக்கெட். பட்டறையையும் மாடத்தில் நின்று பார்க்கலாம். ஓடுகிற வண்டிக்குத் தேய்மானம் உண்டு. கடையில் உதிரிபாகம் கிடைக்காத வண்டிகள் இவை. பலவற்றை அங்கேயே கடைந்து, வார்த்து, இழைத்துப் பொருத்துகிறார்கள்.