சிம்னிக்குப் பெயர் இருக்கிறது, சேரிக்குப் பெயர் இல்லை: பழைய படங்களை நாம் பார்க்க வேண்டிய விதம்

சென்னையின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைச் சேகரிப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ஒரு மில், ஒரு கிளப், ஒரு சாராயக்கடை, ஒரு டிராம் தெரு. இது எந்த இடம், எந்த ஆண்டு, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது நல்ல பழக்கம். நாமும் செய்ய வேண்டும் என்கிறோம். ஆனால் பெரும்பாலோர் கட்டடத்தின் பெயரைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். நமக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கீழப்பழுவூரில் உட்கார்ந்துகொண்டு சென்னைப் படங்களைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சில தம்பி தங்கைகள் கேட்கலாம். ஆலைத் தொழிலாளர்களாக நம் மக்கள் பட்ட பாடு ஓரளவு விரிவாகப் பதிவானது சென்னைப் பெரம்பூரில். அங்கே கற்றுக்கொண்ட முறையை அரியலூரின் சிமென்ட் ஆலைகளுக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் நாம் பயன்படுத்தலாம். அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் காலத்தைக் கணிப்பது. படத்தின் கீழே எழுதியிருக்கும் ஆண்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். படத்துக்குள்ளேயே சாட்சி இருக்கும்.

டிராமைப் பாருங்கள். சென்னையில் மின்சார டிராம் 1895இல் ஓடத் தொடங்கி 1953இல் நின்றது. தெருவுக்கு மேலே டிராம் கம்பி தெரிந்தால் படம் 1895க்கு முந்தையது அல்ல.

எழுத்தைப் பாருங்கள். 'ஆலை' என்ற சொல்லில் இருக்கும் 'லை' யானைத் தும்பிக்கை போல் வளைந்த பழைய வடிவில் இருக்கிறதா, இன்றைய வடிவில் இருக்கிறதா? தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெரியார் தன் 'குடிஅரசு' ஏட்டில் 1935லேயே புதிய வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். எனவே புது எழுத்து இருப்பதாலேயே 1978க்குப் பிந்தைய படம் என்று முடிவு கட்டக் கூடாது. யாருடைய சுவரொட்டி என்று பார்க்க வேண்டும். மறுபக்கம், 1978க்குப் பிறகும் பழைய பலகைகள் பல ஆண்டுகள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

கட்டடத்தில் நடந்த மாற்றங்களைப் பாருங்கள். மெரினா எதிரே உள்ள ஐஸ் ஹவுஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் டியூடர் கம்பெனிக்காகக் கட்டப்பட்டது அது. பனிக்கட்டிக் கிடங்குக்குக் காற்றும் வெளிச்சமும் தேவையில்லை. பின்னாளில் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வீடாக மாற்றியபோதுதான் சுற்றிலும் தாழ்வாரங்களும் சன்னல்களும் வந்தன. தாழ்வாரம் இல்லாத படம் என்றால் அது கிடங்காக இருந்த காலம். விவேகானந்தர் அங்கே தங்கிய 1897இல் அது ஏற்கெனவே வீடு. அதே கட்டடம் பின்னர் பிராமண விதவைகளுக்கான விடுதியாக இருந்தது. இன்று விவேகானந்தர் இல்லம். இந்தப் பெயர்கள் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. கப்பலிலிருந்து பனிக்கட்டியை இறக்கிச் சுமந்தவர்களின் பெயர்களைத்தான் எந்தப் பலகையிலும் காணோம். ஜெயமோகனின் 'வெள்ளை யானை' அந்தத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். படியுங்கள். ஆனால் நாவலை ஆவணமாக மேற்கோள் காட்டாதீர்கள். எதிரி அந்த ஒரு ஓட்டையை வைத்தே நம் வரலாறு முழுவதையும் கதை என்று சொல்லிவிடுவான்.

அடுத்து மதுக்கடை. மதுவிலக்குச் சட்டங்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்துகொண்டால் இந்தப் படங்களின் காலத்தைக் கணிப்பது எளிது. மாகாணத்தில் முதலில் 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1948இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் தளர்த்தப்பட்டு 1974இல் திரும்பக் கொண்டுவரப்பட்டது. 1981இல் கள்ளும் சாராயமும் மறுபடி அனுமதிக்கப்பட்டு, 1987 தொடக்கத்தில் தடை செய்யப்பட்டன. டாஸ்மாக் நிறுவனம் 1983இல் உருவானாலும் அரசே சில்லறைக் கடைகளை நடத்தத் தொடங்கியது 2003இல்தான். சென்னைத் தெருவில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைப் பலகை தெரிந்தால் அது எந்த இடைவெளிகளில் இருக்க முடியும் என்று நீங்களே இப்போது சொல்லிவிடலாம்.

குடிக்கும் இடத்திலும் சாதியும் நிறமும் இருந்தன. மவுண்ட் ரோடில் 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பில் பல பத்தாண்டுகள் இந்தியர் எவரும் உறுப்பினராக முடியாது. உயர்குடி இந்தியர்களும் சேர்ந்து பழக 1873இல் காஸ்மாபாலிடன் கிளப் வந்தது. மெட்ராஸ் கிளப் இருந்த வளாகம் பின்னர் எக்ஸ்பிரஸ் எஸ்டேட் ஆனது. இன்று அங்கே எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் நிற்கிறது. அந்தக் காலத்து கிளப் படங்களிலும் துரைமார் வீட்டுப் படங்களிலும் தட்டேந்தி ஓரமாக நிற்பவர்களை உற்றுப் பாருங்கள். ஐரோப்பியர் வீடுகளில் பட்லர், சமையல்காரர், குதிரைக்காரர் வேலைகளில் பறையர் மக்கள் பெருமளவில் இருந்தார்கள். நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களின் பெயர்கள் இடமிருந்து வலமாக அச்சிடப்பட்டிருக்கும். நிற்பவர் அந்த வரிசையில் சேரமாட்டார்.

நம் மக்களை யாரும் படம் எடுக்கவில்லை என்பதல்ல இதன் பொருள். எடுத்தார்கள். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளைப் புரட்டுங்கள். அங்கே நாம் இருக்கிறோம், ஒரு சாதியின் 'மாதிரி'யாக. பெயருள்ள ஆளாக இல்லை. கட்டடப் படத்தில் அளவுகோலாகவும் இனவரைவியல் படத்தில் மாதிரியாகவும் நிறுத்தப்பட்டோம்.

இப்போது பெரம்பூருக்கு வருவோம். பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில் இரண்டும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எழுந்தவை. 1920இல் இரண்டும் ஒரே கம்பெனியாயின. மக்கள் வாயில் 'பி அண்ட் சி மில்'. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான். பி.பி. வாடியா, திரு.வி.க. பெயர்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. இருக்க வேண்டியதுதான்.

பாடப்புத்தகம் விரைவாகக் கடந்துபோகும் பக்கம் 1921. அந்த ஜூன் 20இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேராமல் வேலைக்குப் போனார்கள். சட்டமன்ற உறுப்பினராக இருந்த எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். ஜூன் இறுதியில் புளியந்தோப்புச் சேரியில் குடிசைகள் எரிந்தன. மோதல்கள் மாதக்கணக்கில் நீடித்தன. ஆகஸ்ட் இறுதியில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார், ஆதிதிராவிடர்களை நகரத்தை விட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று கேட்கும் அளவுக்குப் போனது. 1923இல் எம்.சி. ராஜா அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார்.

'கருங்காலிகள்' என்று ஒரே சொல்லில் நம் மக்களை முடித்துவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை சில. மாதக்கணக்கில் கூலி இல்லாமல் தாக்குப்பிடிக்க யாருக்கு ஊரில் நிலம் இருந்தது? யாரை நம்பிக் கடைக்காரர் கடன் கொடுப்பார்? ஆலைக்குள் ஒரே தொழிலாளி, ஆலைக்கு வெளியே தீண்டத்தகாதவன் என்றால், அந்த ஒற்றுமை யாருடைய ஒற்றுமை? கம்பெனி இந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது உண்மை. ஆனால் பிளவை உண்டாக்கியது கம்பெனி அல்ல. அது ஊரிலிருந்தே மில்லுக்கு வந்தது.

இதையெல்லாம் மனதில் வைத்து பி அண்ட் சி மில்லின் பழைய படம் ஒன்றைப் பாருங்கள். மதில், வாயில், சிம்னி. மில்லை அடையாளம் கண்டுபிடித்தாயிற்று. புளியந்தோப்பு எந்தப் பக்கம்? ஓட்டேரி ஓடை எந்தப் பக்கம்? கேமரா எங்கே நின்றது, எதற்கு முதுகைக் காட்டி நின்றது? பல படங்களில் சேரி சட்டகத்துக்கு வெளியே, புகைப்படக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். படத்தில் இல்லாததையும் குறித்து வைத்தால்தான் இடத்தை அடையாளம் கண்டதாக அர்த்தம்.

இது வெறும் அறிவு விளையாட்டு அல்ல. பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. ஆலை நிலத்துக்குப் பத்திரம் இருக்கிறது. அது கைமாறும், அடுக்குமாடி ஆகும். ஆலைகளுக்கு உழைப்பைக் கொடுத்த குடியிருப்புகளில் பலவற்றுக்குப் பட்டா கிடையாது. நகரத்தின் நீரோடைக் கரைகளில் நூறாண்டு வாழ்ந்தவர்கள் ஒரே அறிவிப்பில் 'ஆக்கிரமிப்பாளர்' ஆகி, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றப்படுகிறார்கள். அப்போது 'நாங்கள் இங்கே இருந்தோம்' என்று காட்ட ஒரு பழைய படம், அதன் பின்னால் சரியான ஆண்டு, சரியான இடம், சரியான பெயர் இருந்தால் அதுவும் ஒரு சான்று. தேதி தெரியாத படத்துக்கு அந்தப் பலம் கிடையாது.

நம் பக்கத்துக்கு வருவோம். கல்லக்குடியில் டால்மியா சிமென்ட் ஆலை 1939இல் வந்தது. ரயில் நிலையத்தின் பெயரும் டால்மியாபுரம் ஆனது. அந்தப் பெயரை எதிர்த்து 1953இல் நடந்த போராட்டம் எல்லோருக்கும் தெரியும். இன்று நிலையப் பலகையில் கல்லக்குடி பழங்காநத்தம் என்று இருக்கிறது. ஆக, பலகையைப் பார்த்தே படத்தின் காலத்தைத் தோராயமாகச் சொல்லலாம். அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை 1979இல் வந்தது. அதன்பின் தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. ஊரின் பெயருக்காக நடந்த போராட்டம் வரலாற்றில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் உடைத்தவர்கள், சூளையில் வெந்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள், எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பது இன்னும் எழுதப்படவில்லை.

அதை எழுத வேண்டியவர்கள் நீங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில், அத்தை வீட்டுச் சுவரில், சங்க அலுவலகத்தில் இருக்கும் படங்களை எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: எந்த இடம்? எந்த ஆண்டு, அதற்கு என்ன சான்று? படத்தில் நிற்பவர் யார், என்ன வேலை, என்ன கூலி? தண்ணீர் எங்கே குடித்தார், டீ எந்தக் குவளையில் வந்தது? நம் தெரு இந்தப் படத்தில் எந்தத் திசையில் இருக்கிறது? பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் உள்ளிட்டோர் பாடுபட்டுச் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது 1924இல். அதன் பிறகும் எந்தத் தெருவில் நடக்க முடியவில்லை என்று உங்கள் தாத்தாவிடமும் அப்பாயியிடமும் கேளுங்கள். படத்தின் மேல் பேனாவால் எழுதாதீர்கள். பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். எழுதியதைப் போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாததை ஊகித்து நிரப்ப வேண்டாம். 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். அடுத்து வருகிறவர் தேடட்டும். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஆலையின் சிம்னிக்கு நம்மை விட்டால் பெயர் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதன் அடியில் நின்றவருக்கு நாம் மட்டும்தான் இருக்கிறோம்.

ஜெய் பீம்!