பந்தியும் பலகையும்

சுண்ணாம்புக்குளம், பழவேற்காட்டு ஏரிப் பகுதியைச் சேர்ந்த சிற்றூர். அந்த ஏரிக்கரை ஊர்களிலே பேச்செல்லாம் படகு, வலை, இறால், நண்டு, முகத்துவாரம் என்பனவே. வேலை முடிந்த மாலை வேளையில் அப்படிப்பட்ட ஊரொன்றில் நண்பர் நால்வர் கடைக்குச் செல்வதாக எண்ணிப் பார்ப்போம். நீண்ட பெஞ்சு ஒன்று. நால்வரும் நெருக்கி உட்காருகின்றனர். தேநீர் வருகிறது, வடை வருகிறது. பசி அதிகமானால் பக்கத்துக் கடையிலே சோறும் மீன் குழம்பும். ஒருவன் காசை எடுக்கிறான். மற்றவன், "நீ இரு, இன்று என் முறை" என்று கையைத் தட்டிவிடுகிறான். சிரிப்பு, கேலி, ஊர்க்கதை. பிறகு வீடு திரும்புகின்றனர்.

இதிலே என்ன அதிசயம் என்று கேட்பீர்கள், தோழர்களே! அதிசயம் ஏதுமில்லை என்று நீங்கள் கேட்கும் நிலை வந்திருக்கிறதே, அதுதான் அதிசயம்!

பழவேற்காட்டுக்கு ஏட்டிலே வரலாறு உண்டு. 1613-இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியா எனும் கோட்டையைக் கட்டினர். துணி வாங்கினர், தென்கிழக்காசியத் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்தனர், துணியோடு மனிதரையும் அடிமைகளாக விலை பேசினர். 1825-இல் அந்த இடம் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. கோட்டை சிதைந்துவிட்டது, கல்லறைகள் நிற்கின்றன. மாணவன் இதைப் படிக்கிறான், ஆண்டை நெட்டுருப் போடுகிறான், தேர்விலே எழுதுகிறான். ஆனால் நான்கு நண்பர் அமர்ந்த அந்த பெஞ்சுக்கும் ஒரு வரலாறு உண்டே! அதை யார் சொல்லித் தருகிறார்கள்? கோட்டையை எழுப்பியவனுக்குப் பீரங்கி இருந்தது. பெஞ்சை நமக்குப் பெற்றுத் தந்தவர்களுக்கு என்ன இருந்தது? அறிவும், மானமும், சிறைக்கு அஞ்சாத நெஞ்சும்! அந்த வரலாற்றைத்தான் இங்கே கூற விழைகிறோம்.

தமிழன் கூடி உண்ண அறியாதவன் அல்லன். சிறுபாணாற்றுப்படையைப் புரட்டிப் பாருங்கள். எயிற்பட்டினத்துக்கு வழி நடந்து வரும் பாணர்க்குக் கடற்கரைப் பரதவர் தேறலும் சுட்ட மீனும் தந்து விருந்தோம்புவதைக் காணலாம். வந்தவனிடம் குலம் என்ன, கோத்திரம் என்ன என்ற கேள்வி இல்லை; பசி உண்டா என்பதே கேள்வி. பொருநராற்றுப்படையிலே கரிகாலன் கலைஞரைத் தன் அருகிருத்தி இறைச்சி ஊட்டி உபசரிக்கிறான். வேந்தனும் இரவலனும் ஓரிடத்தில் உண்ட நாடு இது.

அந்த நாட்டிலேதான் பின்னர் பந்தி பிரிந்தது! ஒரு சாராருக்கு முதற் பந்தி, மற்றவர்க்குப் பிற்பந்தி, உழைத்து நெல் விளைவித்தவனுக்கோ வாசலுக்கு வெளியே, வேலி ஓரத்திலே! காய்கறி உண்பவன் மேலோன், கடலிலே உயிரைப் பணயம் வைத்து மீன் பிடிப்பவன் கீழோன்! தொட்டால் தீட்டு, பார்த்தால் தீட்டு, உண்ணும்போது கண்பட்டாலும் தீட்டு! வாய்க்கும் வயிற்றுக்கும் இடையிலே சாஸ்திரம் வந்து காவற்காரனாக நின்றது.

எதிர்ப்பே எழவில்லையா? எழுந்தது. 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரிலே வள்ளலார் தருமசாலையைத் திறந்து, பசித்தவர் எவராயினும் வருக என்றார். அணையா அடுப்பு மூட்டினார். அவர் அருளின் பேரால் செய்தார். நாம் அறிவின் பேரால் செய்கிறோம். வழி வேறாயினும், பசிக்குச் சாதி இல்லை என்று காட்டிய அந்த அடுப்புக்கு நமது வணக்கம் உண்டு.

1904-இல் ஈரோட்டு இளைஞர் ஒருவர் வீட்டை விட்டுக் காசிக்குப் போனார். அன்னசத்திரங்கள் நிறைந்த நகரம் என்று கேள்விப்பட்டிருந்தார். ஆனால் அன்னம் பார்ப்பனர்க்கே உரியது என்று அவரைத் தள்ளிவிட்டனர். திராவிட வணிகர் ஒருவரின் பொருளிலே எழுந்த சத்திரத்திலும் அதே கதை! பசி தாளாத அந்த இளைஞர் எறியப்பட்ட எச்சில் இலைகளில் கிடந்ததை உண்டு வயிற்றை நிரப்பினார் என்று அவர் வாழ்க்கை வரலாறு கூறும். அந்த இளைஞரே பின்னாளில் பெரியார்! வயிறு எரிந்தது ஒரு நாள்; அந்த நெருப்பு பின்னர் எத்தனை ஆண்டுகள் நாட்டிலே எரிந்து, எத்தனை குப்பைகளைச் சாம்பலாக்கிற்று என்பதை நாம் அறிவோம்.

சத்திரம் பழைய காலத்துப் பொருள். ரயில் வந்தது, நகரம் வளர்ந்தது, காப்பி வந்தது, காப்பிக் கிளப்பு வந்தது. காசு கொடுத்தால் உணவு கிடைக்கும் என்ற புதுமை பிறந்தது. காசுக்குச் சாதி கிடையாதே, இனித் தொல்லை தீர்ந்தது என்று எண்ணினர் சிலர். ஆனால் சாதி மிகச் சாமர்த்தியமான விருந்தாளி. கதவை அடைத்தால் ஜன்னல் வழியே வரும்! காப்பிக் கிளப்பிலே 'பிராமணாள்' என்று பலகை தொங்கிற்று. உள்ளே ஒரு பகுதி பார்ப்பனர்க்கு, மற்றொரு பகுதி 'இதராளுக்கு'. தாழ்த்தப்பட்ட தோழனுக்கோ இரண்டு பகுதியிலும் இடமில்லை. காசு இருந்தும் தெருதான்! ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலையிலும் இதே பிரிவினை. ஒரே வண்டியிலே, ஒரே பலகையிலே, ஒரே கரிப்புகையைச் சுவாசித்து வந்த இருவர் இறங்கியதும் இரு வாயிலில் நுழைய வேண்டும்! நீராவி இயந்திரத்தை அறிவு கண்டுபிடித்தது. அதன் பக்கத்திலேயே மனுவுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்தனர்.

கேரளத்திலே, 1917-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், சேராயி எனும் ஊரில் சகோதரன் அய்யப்பன் என்னும் ஈழவ இளைஞர் ஒரு விருந்து நடத்தினார். புலையர் சிறுவரோடு ஈழவர் சேர்ந்து உண்டனர். உண்டது சிறிதளவே, எழுந்த புயலோ பெரிது! தம் சொந்தச் சாதியாரே அவரை விலக்கினர். 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினர். அவர் அந்த ஏச்சைப் பட்டமாகவே ஏற்றார். கவனியுங்கள், தோழர்களே! மேல்சாதியான் நம்மோடு உண்ண வேண்டும் என்று கேட்பது எளிது. நமக்குக் கீழே என்று நாம் கருதி வந்தவனோடு நாம் உண்பதுதான் கடினம். அய்யப்பன் கடினமானதைச் செய்தார்.

தமிழகத்திலே அடுத்த களம் சேரன்மாதேவி. வ. வே. சு. அய்யர் நடத்திய குருகுலம். அய்யரின் வீரத்தையோ தமிழ்ப் பற்றையோ நாம் குறைத்துப் பேசவில்லை. வெள்ளையனை எதிர்ப்பதிலே அஞ்சாதவர், புலமை மிக்கவர். ஆனால் அவரது குருகுலத்திலே பார்ப்பன மாணவர்க்கு உணவு தனி இடத்தில்! தேசியக் கல்வி என்று சொல்லித் தமிழ்நாடு காங்கிரசிடம் 10,000 ரூபாய் கேட்டுப் பெற இசைவு வாங்கி, 5,000 ரூபாயும் பெற்ற நிறுவனம் அது. பொதுப் பணத்தில் தனிப் பந்தியா என்று கேட்டார் பெரியார். கேட்டார் வரதராஜுலு நாயுடு. 1924-இலும் 1925-இலும் நாடெங்கும் இதே பேச்சு. ஒரு பள்ளிப் பிள்ளையின் சோற்றுத் தட்டு எங்கே வைக்கப்பட வேண்டும் என்ற கேள்வி, ஒரு பெரிய கட்சியையே உலுக்கிற்று! 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலே வகுப்புரிமைத் தீர்மானத்துக்கும் இடமில்லை என்றானதும், பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் பிறந்த கதையிலே, சமையற்கட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறவாதீர்!

அதன் பின்னர் இயக்க மாநாடுகளில் சமபந்தி வழக்கமாயிற்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் மாகாண மாநாடு கூடிச் சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொல்லிற்று. அதற்கு முன்னரே, 1927 மார்ச் 20-இல், மகாராட்டிரத்து மகாத் நகரிலே டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று பொதுக் குளத்து நீரை அள்ளிப் பருகினார். மாடு பருகலாம், மனிதன் பருகலாகாது என்றிருந்த நீர்! இங்கே சோறு, அங்கே நீர். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: நாம் மனிதரா, இல்லையா?

ரயில் நிலையத்துப் பிரிவினைக்கு எதிராகப் பெரியாரும் தோழர்களும் இடைவிடாது குரல் கொடுத்தனர். 1941-இல் அந்தப் பலகைகள் இறங்கின. 1950 ஜனவரி 26-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடைக்கும் உணவு விடுதிக்கும் செல்ல எவரையும் சாதி, மதம் காட்டித் தடுக்கலாகாது என்கிறது அதன் 15-ஆவது விதி. தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அறிவிக்கிறது 17-ஆவது விதி. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது.

சட்டம் வந்தது, சாதிப் பலகை போயிற்றா? போகவில்லை! சென்னைத் திருவல்லிக்கேணியிலே முரளி கபே எனும் ஓட்டலில் 'பிராமணாள்' என்ற சொல் தொடர்ந்தது. வெறும் பெயர்தானே, அதனால் யாருக்கு என்ன நட்டம் என்றனர் நடுநிலை பேசுவோர். நாம் ஒன்று கேட்போம். ஒரு தெருவிலே பத்து மளிகைக் கடைகள். அவற்றுள் ஒன்றிலே மட்டும் 'இங்கே தராசு நேர்மையானது' என்று எழுதி, அதைச் சட்டமும் ஊரும் ஒப்புக்கொண்டால், மற்ற ஒன்பது கடைக்காரருக்கு என்ன பெயர்? ஒருவனைப் பிறப்பால் உயர்ந்தவன் என்று பலகை கூறினால், எதிரே நின்று அதைப் படிப்பவனை அது என்னவென்று கூறுகிறது?

1957 மே 5-ஆம் நாள் அந்தக் கடை முன்னே கிளர்ச்சி தொடங்கிற்று. நாள்தோறும் தோழர்கள் சென்றனர், நாள்தோறும் கைதாயினர். ஆத்திரப்பட்டுக் கல்லெறியவில்லை, கடையைக் கொளுத்தவில்லை. சென்றனர், நின்றனர், சிறை புகுந்தனர். திங்கள் பத்துக்கும் மேல்! ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை கண்டனர். 1958 மார்ச் 22-இல் அந்தச் சொல் அகற்றப்பட்டது. ஒரு சொல்லை இறக்க ஆயிரம் பேர் சிறை ஏறினர்! சொல் சிறிதுதான். அது தாங்கி நின்ற கொடுமையோ ஈராயிரம் ஆண்டு கனமுடையது.

உலகின் மறுபுறத்தைப் பாருங்கள். அமெரிக்காவிலே, வட கரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோ நகரில், 1960 பிப்ரவரி 1-ஆம் நாள் கறுப்பின மாணவர் நால்வர் ஒரு பெரிய கடையின் உணவுப் பகுதியிலே வெள்ளையர்க்கென்று ஒதுக்கிய இருக்கைகளில் அமர்ந்து காப்பி கேட்டனர். தர மறுத்தனர், நால்வரும் எழவில்லை. மறுநாள் மேலும் பலர் வந்தனர். பல நகரங்களுக்கும் பரவிற்று. அந்த ஆண்டு ஜூலையிலேயே அந்தக் கடை பணிந்தது. 1964-இல் அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் உணவு விடுதிகளில் நிற வேற்றுமையைத் தடை செய்தது. திருவல்லிக்கேணியும் கிரீன்ஸ்பரோவும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. எனினும் இரண்டு ஊரிலும் மானம் ஒரே மொழியிலே பேசிற்று!

போராட்டம் ஒருபுறம், உழைப்பாளர் தம் வழியில் உண்டாக்கிய மாற்றம் மறுபுறம். மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் முனியாண்டி விலாஸ் என்ற பெயரிலே ஊர்தோறும் புலால் உணவுக் கடை திறந்தனர். சுமை தூக்குபவர், வண்டி ஓட்டுபவர், சந்தைக்கு வந்தவர் எல்லாரும் அங்கே ஒரே வரிசையில் இலை போட்டு உண்டனர். தாழ்வென்று இகழப்பட்ட உணவு, தலை நிமிர்ந்து தெருவிலே பெயர்ப்பலகை மாட்டிற்று! பள்ளியிலோ, 1920-இல் நீதிக் கட்சியார் நிருவாகத்திலே சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய மதிய உணவு, 1956-இல் காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவி, 1982-இல் சத்துணவாகி, 2022-இல் காலைச் சிற்றுண்டியாகவும் வளர்ந்தது. ஒரே வரிசையில் தட்டேந்தி அமரும் குழந்தைகளே, நாம் கண்ட மிகப் பெரிய சமபந்தி!

இவ்வளவும் கூறிவிட்டு, வெற்றி முழுமையாயிற்று என்று சொன்னால் நாம் பொய்யர் ஆவோம். 2012-இல் திருவரங்கத்திலே 'பிராமணாள்' என்ற பலகை மீண்டும் தலை காட்டிற்று. மீண்டும் கிளர்ச்சி தேவைப்பட்டது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளிலே ஒருவனுக்குக் கண்ணாடிக் குவளை, மற்றொருவனுக்கு வேறு குவளை என்ற இழிவு, சட்டம் வந்து பல பத்தாண்டு கழிந்த பின்னும் அம்பலமாகி வந்துள்ளது. பார்ப்பனர் பலகையை இறக்கிய நாம், நமது ஊரின் இரட்டைக் குவளைக்குக் காரணம் யார் என்று கேட்க வேண்டாமா? அதைப் பிடித்திருக்கும் கை பார்ப்பனர் கை அன்று. பெரும்பாலும் நம்முடையவர் கை! இதைச் சொல்லத் தயங்கினால் பகுத்தறிவு நமக்கு மேடைப் பேச்சாகவே முடியும்.

மீண்டும் ஏரிக்கரைக்கு வருவோம். பழவேற்காட்டு ஏரியிலே 'பாடு' என்றொரு முறை உண்டு. மீன் பிடிக்கும் இடங்களை முறை வைத்து, சீட்டெடுத்துப் பங்கிடும் ஏற்பாடு. வலியவன் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளாதபடி தடுக்கும் நல்ல ஏற்பாடுதான், உள்ளே இருப்பவர்க்கு! ஆனால் அந்த உரிமை பரம்பரை மீனவச் சாதியார்க்கு என்றே வழங்கி வந்தது. அதே கரையில் வாழும் தாழ்த்தப்பட்டோரும், வலையின்றிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரும் அந்தச் சீட்டுக்கு வெளியே நின்றனர். மீனவரும் செல்வரல்லர், முகத்துவாரம் மணலால் அடைபடுவதும் மீன் குறைவதும் அவர்களை வாட்டுவதை அறிவோம். அவர்களைப் பழிப்பதற்காக இதைக் கூறவில்லை. பெஞ்சிலே பக்கத்தில் அமர்ந்து ஒன்றாக மீன் குழம்பு உண்ட நண்பர்கள், அந்த மீன் வந்த நீரிலே ஒருவருக்குப் பங்கு, ஒருவருக்கு இல்லை என்றால், பந்தி பாதிதானே சமமாயிற்று என்று கேட்கிறோம். தட்டிலே சமத்துவம் வந்துவிட்டது, தண்ணீரிலே வரவேண்டாமா?

ஆகவே, இளைஞர்காள்! நண்பரோடு கடைக்குப் போங்கள். கூடி உண்ணுங்கள்; சிரித்து மகிழுங்கள். அந்த மகிழ்ச்சியை உங்களுக்குத் தந்தவர்கள் சிறையிலே களி உண்டவர்கள் என்பதை ஒரு வாய் நேரம் நினையுங்கள். குவளை இரண்டாக இருக்கும் கடையைக் கண்டால் வாய் மூடி வெளியேறாதீர். கேளுங்கள், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கடையிலே சேர்ந்து உண்ட நண்பனை வீட்டுக்கும் அழையுங்கள். அம்மா பரிமாறும் கூடத்திலே, உங்கள் பக்கத்திலே அவனுக்கும் இலை போடச் சொல்லுங்கள். அவன் வீட்டுக்கும் சென்று உண்ணுங்கள். கடைப் பலகையை இறக்கியது முன்னோர் பணி. மனத்துக்குள்ளே தொங்கும் பலகையை இறக்குவது நம் பணி!