ஒடேசா: உண்டியலில் பிறந்த ஒரு திரைப்பட நிறுவனம்

சினிமா நிறுவனம் என்றதும் நமக்கு ஜெமினி, ஏவி.எம்., மாடர்ன் தியேட்டர்ஸ்தான் நினைவுக்கு வரும். நான் இன்று பேசப்போவது முதலாளியே இல்லாத ஒரு நிறுவனத்தைப் பற்றி. 1984இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட ஒடேசா.

அதன் மையத்தில் இருந்தவர் இயக்குநர் ஜான் ஆபிரகாம். புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கின் மாணவர். நமக்கும் அவர் அந்நியர் அல்ல. 'அக்ரஹாரத்தில் கழுதை' அவர் 1977இல் எடுத்த தமிழ்ப் படம். திரைக்கதை வெங்கட் சாமிநாதன். தேசிய விருது கிடைத்தும் அந்தப் படம் பெரும்பாலான தமிழர்களின் கண்ணில் படவே இல்லை. ஒடேசாவின் வரலாற்றை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். நல்ல படம் இருந்தது, விருதும் இருந்தது, பார்ப்பவரிடம் போய்ச் சேர வழிதான் இல்லை.

அந்த வழியை ஒடேசா தலைகீழாகப் போட்டது. படத்தை எடுத்துவிட்டு ஆள் தேடாமல், முதலில் ஆட்களைத் தேடிப் போனார்கள். ஊர் ஊராகச் சென்று பறையடித்துக் கூட்டம் சேர்த்தார்கள். சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டு, 'மக்கள் சினிமா'வுக்கு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சில்லறையாகச் சேர்ந்தது அந்தப் பணம். நிறுவனத்தின் பெயரும் ஒரு படத்திலிருந்து வந்ததுதான்: ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டம்கின்' படத்தில் வரும் ஒடேசா படிக்கட்டு.

அப்படிச் சேர்ந்த பணத்தில் 1986இல் உருவானது 'அம்ம அறியான்'. கருப்பு வெள்ளைப் படம். தில்லிக்குப் புறப்பட்ட இளைஞன் வழியில் ஒரு பிணத்தைப் பார்க்கிறான். அது தன் நண்பன் ஹரி என்று தெரிந்ததும், ஹரியின் அம்மாவுக்குச் செய்தி சொல்லக் கொச்சிக்குப் போகிறான். போகும் வழியெல்லாம் நண்பர்கள் சேர்ந்துகொண்டே போகிறார்கள். நான் கணினியில்தான் பார்த்தேன். அந்தக் கூட்டம் பெருகப் பெருக, காசு கொடுத்த ஊர்க்காரர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். படம் முடிந்ததும் லாபம் பார்க்காமல் கேரளம் முழுக்க அதைத் திரையிட்டார்கள்.

மறு ஆண்டே, 1987 மே 31இல், கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மேலிருந்து விழுந்து ஜான் இறந்துபோனார். ஒடேசா சத்யன் போன்றவர்கள் ஆவணப்படங்கள் எடுத்து அந்தப் பெயரைக் காப்பாற்றினார்கள். ஆனால் அந்த முறையில் இன்னொரு 'அம்ம அறியான்' வரவில்லை. இதை மறைத்துவிட்டு ஒடேசாவைப் புகழ்வது சரியல்ல. ஒரு மனிதரின் ஈர்ப்பை நம்பி நின்ற அமைப்பு, அவர் போனதும் தளர்ந்தது.

ஆனாலும் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் வெளியிட்ட இந்தியப் படங்களின் முதல் பத்தில் தென்னிந்தியாவிலிருந்து இடம்பெற்றது இது ஒன்றுதான்.

புலம்பெயர்ந்த நாம் கோயிலுக்கும் பள்ளிக்கும் தயங்காமல் கொடுக்கிறோம். நல்ல தமிழ்ப் படம் இங்கே வருவதில்லை என்று குறையும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு படம் உருவாகும் முன்பே அதற்காக ஐந்து டாலர் கொடுத்திருக்கிறேனா? இல்லை. அந்த வெட்கத்தோடுதான் இன்று பேச வந்தேன். உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.