எல்லையும் ஆயுதக் காவலும்: திருவிதாங்கூர் – கொச்சித் தமிழர் போராட்டம் (1954–1956)

முன்னுரை

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலை கோவிந்தாபுரத்தருகே கடக்கும் எல்லை, 1956 வரை மாநில எல்லையன்று; சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர், மலபார் மாவட்டங்களைப் பிரித்த கோடேயாகும். அருகிலுள்ள சித்தூரோ கொச்சி அரசின் பகுதியாக இருந்து, 1949இல் திருவிதாங்கூர் – கொச்சி மாநிலத்தில் அடங்கியது. மொழிவழி மாநிலக் கோரிக்கையை அரசு ஆயுதத்தால் எதிர்கொண்டபோது குடிமக்களின் விருப்பம் எந்த அளவிற்குக் கொள்கையை மாற்றிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

படைத்தன்மை பெற்ற காவல்

காவல்துறை படைத்தன்மை பெற்றமை விடுதலைக்கு முற்பட்ட மரபாகும். 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சியின்போது அமைக்கப்பெற்ற மலபார் சிறப்புக் காவற்படை, பின்னர் அல்லூரி சீதாராமராஜுவின் ராம்பாக் கிளர்ச்சியை ஒடுக்கவும் அனுப்பப்பட்டது. திருவிதாங்கூரில் 1946ஆம் ஆண்டு புன்னப்புரா – வயலார் எழுச்சி படையினராலும் காவலராலும் ஒடுக்கப்பட்டது. மக்கள் திரளைப் பகைவராகக் கருதும் இப்பழக்கம் ஆட்சி மாறிய பின்னரும் மறையவில்லை.

1954ஆம் ஆண்டுப் போராட்டம்

மார்ஷல் நேசமணி முதலியோரின் தலைமையில் இயங்கிய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீருமேடு, சித்தூர் ஆகிய ஒன்பது வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரியது. 1954 தேர்தலில் அது 12 இடங்களைப் பெற்றது. அவ்வாண்டு சூலையில் தேவிகுளம் பகுதியில் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் காவலர் சுட்டதில் பலர் மாண்டனர்.

அப்போது முதலமைச்சராக இருந்தவர் பிரஜா சோசலிஸ்டுக் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை. அக்கட்சியின் பொதுச்செயலாளரான ராம் மனோகர் லோகியாவே அவர் பதவி விலக வேண்டும் என வற்புறுத்தினார். இப்பூசல் கட்சிப் பிளவிற்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று. 1955 பிப்ரவரியில் தாணுபிள்ளை அமைச்சரவை வீழ்ந்தது.

ஆணையத்தின் தீர்ப்பு

1955 செப்டம்பரில் அறிக்கை அளித்த பசல் அலி ஆணையம், தென்கோடி நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தைச் சேரப் பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1இல் நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் கிழக்குப் பகுதி மட்டும் தமிழகத்திற்குக் கிடைத்தது. தேவிகுளம், பீருமேடு, சித்தூர் ஆகியவை கேரளத்திலேயே தங்கின.

இவ்வேறுபாட்டிற்குத் துப்பாக்கி காரணமன்று. அது தெற்கிலேயே மிகுதியாக வெடித்தது. தென்வட்டத்து மக்கள் நிலத்தில் வேரூன்றிய குடிகளாக மதிக்கப்பட்டனர். மலைத்தோட்டத் தமிழரோ பெருந்தொகையினராயிருந்தும், வந்து செல்லும் கூலித் தொழிலாளராகவே கணிக்கப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் அவர்கள் உழைப்பில் வளர்ந்த தேயிலையும், அம்மலைகளின் நீர்மின் வளமும், அவ்வட்டங்களைக் கேரளத்திலேயே நிறுத்துதற்குரிய பொருளியற் காரணங்களாயின. உழைப்பு கணக்கில் ஏற்றப்பட்டது. உழைத்தோரின் குடியுரிமை முழுமையாக ஏற்றப்படவில்லை.

பிற்காலம்

தொழிற்போராட்டங்களை ஒடுக்கக் காவல்துறை பயன்படாது என 1957இல் அறிவித்த பொதுவுடைமை அரசின் காலத்திலேயே, 1958ஆம் ஆண்டு மூணாறு வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். காவலின் இயல்பு, ஆளும் கட்சியின் கொள்கையால் மட்டும் மாறுவதன்று என்பதற்கு இது சான்றாகும். மாறாக, 2015 செப்டம்பரில் அதே மூணாற்றில் ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் திரண்ட தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், தொழிற்சங்கத் தலைமைகளையும் விலக்கி நின்று, 20 விழுக்காடு மிகையூதியம் பெற்றனர்.

முடிவுரை

ஆயுதக் காவல் கொள்கையைச் சிறிது காலம் தாங்கி நிற்கலாம். அதற்கு நியாயம் வழங்க இயலாது. 1954ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சூடு எல்லைக் கோரிக்கையை அடக்கவில்லை. எனினும் போராடுவோரைக் குடிமக்களாக அரசு எண்ணாதவிடத்து அவர்தம் பெரும்பான்மையும் பயன் தாராது. எல்லைப்புறத் தமிழர் வரலாற்றை ஆராய்வோர், சுடப்பட்டோரின் தொகையோடு, எண்ணப்படாதோரின் தொகையையும் கருதுதல் வேண்டும்.