விலைப்பட்டியலிலிருந்து திரைக்கு

பொருளை நேரில் பாராமல் வாங்கும் பழக்கம் இணையத்துக்கு முந்தையது. 1872இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஆரன் மான்ட்கோமரி வார்டு, கிராமத்து உழவர்களுக்காக ஒரே தாளில் விலைப்பட்டியல் அச்சிட்டார். இடைத்தரகர் இல்லாததால் விலை குறைந்தது. பிடிக்காத பொருளுக்குப் பணம் திரும்பத் தரப்படும் என்ற உறுதி நம்பிக்கையை வளர்த்தது. சில ஆண்டுகளில் அந்தத் தாள் பெரும் புத்தகமானது. தேடுவதற்குப் பொருளடைவும், பார்ப்பதற்குப் படங்களும் சேர்ந்தன. 1888இல் கடிகாரப் பட்டியலோடு தொடங்கிய ரிச்சர்ட் சியர்ஸ் போட்டியாக வளர்ந்தார். ஆடைக்கு உடல் அளவை வீட்டிலேயே எடுக்கும் முறையையும் இத்தகைய பட்டியல்கள் விளக்கின.

1995இல் இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கிய அமேசான், வாங்கியவர்களின் கருத்துகளுக்கும் இடம் தந்தது. அதுவரை விற்பவர் மட்டுமே பேசிய பட்டியலில் வாங்குபவரின் குரலும் சேர்ந்தது.

இந்தியாவில் பொட்டலப் பொருள்களின் அதிகபட்ச சில்லறை விலை, நிகர அளவு போன்றவற்றை இணைய விற்பனைப் பக்கத்திலும் காட்டுவது 2018 ஜனவரி 1 முதல் கட்டாயம். பொருள் தயாரான நாட்டையும் குறிப்பிட வேண்டும் என 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. தெளிவான விவரம் வாங்குபவரின் உரிமை.