அக்கன் கொடுத்தன

கொங்கிற் பொன்னைக் கொண்டு தில்லைச் சிற்றம்பலத்தை ஆதித்த சோழன் அணிசெய்த செய்தியை நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில் குறித்துள்ளார். வென்ற நாட்டுப் பொன் வேந்தர் கருவூலத்தை நிறைத்தது. அதிற் பெரும்பகுதி கோயிலைச் சேர்ந்தது. அக்குலத்துப் பெண்டிர் கைக்கு வந்த செல்வம் என்னாயிற்று என்னும் வினாவுக்கு விடை தருபவர் முதலாம் இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இப்பெயரை வீடுதோறும் சேர்த்தது. எனினும் புதினம் காட்டும் இளம்பெண் வேறு. கல்வெட்டுகள் காட்டும் மூதாட்டி வேறு. பெயராலும் மயக்கம் நேர்வதுண்டு. இராசராசன் தன் மகளுக்கும் குந்தவை என்றே பெயரிட்டான். அவள் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனை மணந்தாள். ஈண்டுப் பேசப்படுபவர் சுந்தர சோழர் மகளார். வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். அவ்வாணை கொடையாளரை வரிசைப்படுத்துகிறது: முதலில் மன்னன், அடுத்து அக்கன், அதன் பின்னரே தேவியரும் பிறரும். பட்டத்தரசியர்க்கு முன்னே தமக்கையை நிறுத்திய அவ்வரிசை, அரண்மனையில் அவருக்கிருந்த இடத்தைப் புலப்படுத்தும்.

கொடைக் கணக்கோ வியப்பூட்டுவது. பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், மணி பதித்த அணிகள் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. முத்து எத்தனை, மாணிக்கம் எத்தனை என எண்ணிக் குறித்ததோடு, கோத்த நூலும் பதித்த அரக்கும் எடையிற் சேர்ந்தனவா என்பதும் எழுதப்பட்டது. இறைவற்கு ஈந்ததாயினும் எண்ணி ஈதல் அக்காலத்து நெறி.

அணிகலனினும் சிறந்தது அவர் வைத்த முதல். தாம் எழுந்தருளுவித்த திருமேனிகளின் வழிபாட்டுக்காகக் காசுகளை ஊர்ச்சபையாரிடம் ஒப்புவித்தார். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டி. முதல் கரையாது ஊரில் நிற்கும். வட்டி கோயிலுக்கு வரும். சந்திர சூரியர் உள்ளளவும் நடைபெற வேண்டும் என்பதே ஏற்பாடு. இவ்வாறு அரண்மனைச் செல்வம் ஊரார் கையிற் கடனாய்ப் புழங்கியது.

அத்திருமேனிகளுடன் தந்தையார்க்கும் தாயார்க்கும் படிமங்கள் செய்வித்தார். தாய் வானவன் மாதேவியார், பால்மணம் மாறாத மகவைப் பிரிந்து கணவருடன் தீப்புகுந்தவர் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறும். தாயைத் தெய்வமாக்கிக் கோயில் எழுப்பாது, தந்தையாரருகே நிற்கச் செய்த மகளின் உள்ளம் அக்கணக்கு வரிகளுக்கிடையே தெரிகிறது.

திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம் அந்நாளில் இராசராசபுரம். அங்கே இரவிகுல மாணிக்க ஈச்சுரம், குந்தவை விண்ணகர், குந்தவை சினாலயம் என மூன்று கோயில்களை எடுத்தார். சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் ஓரூரில் ஒருவரே கோயில் கண்டார். விசயமங்கலத்துச் சமணக் கோயிலை அறிந்த கொங்கு நாட்டார்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். சமயம் மூன்றாயினும் கொடுத்த கை ஒன்று.

தஞ்சையில் தந்தையார் பெயரால் விளங்கிய சுந்தர சோழ விண்ணகர் ஆதுலசாலைக்கு அவர் நிலம் அளித்ததை இராசேந்திரன் காலக் கல்வெட்டு அறிவிக்கிறது. தம்பி மறைந்து அவன் மகன் அரசாண்டபோதும் அக்கையார் கை ஓயவில்லை. ஆதுலர் என்பார் பிணியாளர். அவர்க்குரிய மருத்துவன் பசித்திராமல் பணிபுரிய நிலம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இளவரசியர் அழகைப் பாடிய புலவர் பலர். பிணியாளர்க்கு நிலமும், விளக்குக்கு நெய்யும், ஊரார்க்கு முதலும் எண்ணிவைத்த இம்மூதாட்டியைப் பாடுதல் இனிவரும் கவிஞர் கடன்.