பேர் போடுதலும் பெயர் காட்டுதலும்: கோப்புப் பட்டியலின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

ஓரிடத்தில் என்னென்ன உள்ளன என வினவுவதும், விடையாகப் பெயர்களை வரிசைப்படுத்தி வாசிப்பதும் நிருவாகத்தின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்றாகும். கோயிற் பண்டாரத்தின் பொருட்பதிவும் நூலகத்தின் நூற்பட்டியலும் இவ்வகையினவே. இன்று கணினித் திரையின் கட்டளை வரியில் இரண்டெழுத்தை அடித்து ஒரு கோப்புறையின் உள்ளடக்கத்தைக் கேட்கும் மாணவனும் அத்தொழிலையே செய்கின்றான். அவ்விரண்டெழுத்துக் கட்டளையின் வரலாற்றை, நமுனுகுல மலைச்சாரலின் தேயிலைத் தோட்டமொன்றின் பழைய பேரேட்டோடு சேர்த்து நோக்க இக்கட்டுரை முயல்கிறது. இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று தோன்றலாம். எமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது.

பதுளைக்குத் தென்கிழக்கே 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கும் நமுனுகுல, தன் ஒன்பது சிகரங்களாற் சிங்களத்தில் அப்பெயரைப் பெற்றது. 1869இல் இலங்கையிற் தலைகாட்டிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்த பின்னர் இச்சாரல்களிலும் தேயிலை பரவியது. 1924இல் இருப்புப்பாதை பதுளையை எட்டியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்போரின் கீழ் வகுக்கப்பட்டு, செக்ரோல் எனப்பட்ட பேரேட்டில் எழுதப்பட்டனர். தோட்டம், அதனுள் டிவிசன், அதனுட் கங்காணியின் ஆட்கள், அவர்களுள் இலக்கமிடப்பட்ட ஒரு பெயர் என்பதே அப்பேரேட்டின் அமைப்பு. விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் ஆட்கணக்கு எடுக்கப்படும். மலையகப் பேச்சு வழக்கில் 'பேர்' என்னும் சொல் ஒருநாள் வேலையையும் அதற்குரிய கூலியையும் குறிப்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. பேர் போடப்படாவிடின், மலையேறிக் கொழுந்தெடுத்தும் அந்நாள் இல்லாத நாளே. வேலைக்கிறங்கிய ஆள் ஒன்றுக்கு இத்தனை சதம் எனக் கங்காணிக்கும் பணம் கிடைத்தமையால், அவனுக்கும் அப்பட்டியலில் அக்கறை இருந்தது. பட்டியல் என்பது உள்ளதைப் பார்த்து எழுதுவது என நாம் எண்ணுகிறோம். பிரட்டுக்களத்திலோ எழுதியதே உள்ளதாயிற்று.

இனிக் கணினிக்கு வருவோம். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1961இல் செய்துகாட்டப்பட்ட நேரப்பகிர்வு முறைமையிற் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்தனர். தத்தம் கோப்புகளை அறிய அவர்களுக்கு 'லிஸ்ற்எஃப்' என்னும் கட்டளை இருந்தது. அதன் வழிவந்த மல்ற்றிக்ஸ் முறைமையில் அது 'லிஸ்ற்' ஆகி, 'எல்.எஸ்.' எனச் சுருங்கியது. கோப்புறைக்குள் கோப்புறை என்னும் கிளைமர அமைப்பை விளக்கி டேலி, நியூமன் ஆகியோர் மல்ற்றிக்ஸுக்காக எழுதிய கட்டுரை 1965இல் வெளிவந்தது. பெல் ஆய்வுகூடம் 1969இல் அத்திட்டத்திலிருந்து விலகியபின், அங்கிருந்த கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் யுனிக்ஸை ஆக்கத் தொடங்கினர். 1971 நவம்பர் 3ஆம் திகதியிட்ட யுனிக்ஸ் முதற் கையேட்டில் எல்.எஸ். இடம்பெற்றுள்ளது. அக்காலத் தொலைத்தட்டெழுத்துப் பொறி நொடிக்குப் பத்தெழுத்தையே அச்சிட்டது. கட்டளைகள் இத்துணைக் குறுகியமைக்கு அதுவும் ஒரு காரணம்.

இக்கட்டளை செய்வது எளிய வேலையே. யுனிக்ஸிற் கோப்புறையும் ஒருவகைக் கோப்புத்தான். 1970களின் யுனிக்ஸில் அதன் ஒவ்வொரு வரியும் 16 பைற்று கொண்டது: இரண்டு பைற்றில் ஓர் இலக்கம், எஞ்சிய பதினான்கிற் பெயர். கோப்பின் உரிமையாளர், அளவு, திருத்திய நேரம் ஆகியவை அவ்விலக்கத்தின்கீழ் வேறிடத்தில் இருக்கும். பெயர் கோப்புறையிலும் பொருள் பிறிதோரிடத்திலும் இருப்பதால், ஒரே கோப்புக்கு இரு பெயர்கள் வழங்கலாம்; அவற்றுள் ஒன்றை நீக்கினாற் கோப்பு அழியாது. எல்.எஸ். அவ்வரிகளைப் படித்து, அகரவரிசையில் அடுக்கி, அச்சிடுகிறது. செக்ரோலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இவ்வமைப்பு புதிதன்று.

ஆயினும் எல்.எஸ். எல்லாவற்றையும் அச்சிடுவதில்லை. ஒவ்வொரு கோப்புறையிலும் அதனையே சுட்டும் ஒற்றைப் புள்ளியும், அதன் மேலுறையைச் சுட்டும் இரட்டைப் புள்ளியும் பெயர்களாக உள்ளன. இவை ஒவ்வொரு முறையும் திரையில் வருவது தொல்லை எனக் கருதிய எவரோ, முதலெழுத்துப் புள்ளியாயின் அப்பெயரை விட்டுவிடுக என்று ஒரு சிறு சோதனையை எழுதிச் சேர்த்தார். முழுப்பெயரையும் ஒப்பிடுவதினும் முதலெழுத்தை மட்டும் பார்ப்பது சுருக்கமன்றோ! விளைவாக, புள்ளியில் தொடங்கும் எக்கோப்பும் பட்டியலிலிருந்து மறைந்தது. பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய றொப் பைக் இதனைப் பிற்காலத்தில், 2012இல், ஒரு பிழையென்றே விவரித்து எழுதினார். அதற்குள் உலகெங்கும் கணினிகளில் 'மறைந்த கோப்பு' என்னும் வழக்கம் வேரூன்றிவிட்டது. 'ஏ' என்னும் தெரிவைச் சேர்த்துக் கேட்டாலன்றி அவை தோன்றா.

இப்புள்ளியின் வலிமையைச் சென்ற ஆண்டில் நாம் நேரிற் கண்டோம். எமது தோட்டத்தில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் பாதுகாத்து வைத்திருந்த பழைய செக்ரோல் தாள்களை நண்பர் இருவருடன் படம்பிடித்தோம். ஆளுக்கொரு கோப்பாக வெட்டி, தந்தையின் முதலெழுத்து, ஒரு புள்ளி, பெயர் என்னும் முறையிற் பெயரிட்டோம். அட்டவணையிலிருந்து கோப்புப்பெயர்களைக் கணினியே ஆக்கித் தந்தது. பின்னர் அவர் வீட்டிலேயே எல்.எஸ். அடித்து, திரையில் வந்த பெயர்களை வாசித்துக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "முனியம்மா எங்க தம்பி?" என்றார். "தாளில் இல்லை போலும், ஐயா" என்றோம். "நான் பேர் போட்ட ஆளு தம்பி" என்றார். அவர் குரலிற் சினம் இருந்தது.

முனியம்மாவின் தாள் இருந்தது, படமும் இருந்தது. தந்தையின் பெயர் எழுதப்படாமையால் முதலெழுத்து வெறுமையாகி, அவள் கோப்பு புள்ளியிலேயே தொடங்கியிருந்தது. தந்தை பெயரற்ற ஒவ்வொருவரும் இவ்வாறே மறைந்திருந்தனர்.

மலையக வரலாற்றைப் பயிலும் எமக்கு அன்று 1948 நினைவுக்கு வந்தது வியப்பன்று. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரையும் தந்தை இங்கு பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிறுவுமாறு கேட்டது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்த எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 134,000 பேரே ஏற்கப்பட்டனர். வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்கள் நீங்கின. 1947இற் பாராளுமன்றத்துக்கு எழுவரை அனுப்பிய இலங்கை இந்தியர் காங்கிரசுக்கு 1952இல் ஒருவரும் இல்லை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிக்கையாகவே பகிர்ந்தது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, பின்னர் தீர்மானிக்க 150,000. இறுதியாக 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியது. இக்காலம் முழுவதும் அவர்களுடைய பெயர்கள் செக்ரோலில் நாள்தோறும் குறிக்கப்பட்டே வந்தன என்பதை மறத்தலாகாது.

ஒப்புமையை அளவுக்குமேல் நீட்டுவது தவறு. புள்ளிக் கோப்புகள் மறைந்தது சோம்பலால். 1948இல் நிகழ்ந்தது எண்ணிச் செய்தது. கணினியில் 'எல்லாவற்றையும் காட்டு' எனப் பட்டியலைக் கேட்பவன் கட்டளையிடலாம். குடியுரிமையிலோ மறைக்கப்பட்டவனே தன்னைக் காட்டும்படி மனுக்கொடுக்க வேண்டியிருந்தது.

வேறொரு சிக்கலும் எழுந்தது. தொம்சனும் பைக்கும் 1992இல் வகுத்த யூ.ரி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைற்று கொள்ளும். பழைய பதினான்கு பைற்று எல்லை இன்றும் இருப்பின் 'நமுனுகுல' என்னும் பெயர் 'நமுன' என்பதோடு நின்றிருக்கும். அவ்வெல்லை நீங்கிற்றாயினும் வரிசை நேராகவில்லை. 1991இல் வெளிவந்த யுனிகோட்டின் தமிழ்ப்பகுதி இந்திய அரசின் பொதுக் குறியீட்டு அமைப்பைத் தழுவியதால், னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டன. வெறும் குறியீட்டு எண்களைக்கொண்டு அடுக்கினால் முத்தம்மா, முனியாண்டி, முருகன் என வரும். நம் நெடுங்கணக்கின்படி முருகனுக்குப் பின்னரே முனியாண்டி வரவேண்டும். தமிழுக்குரிய அமைப்பைத் தெரிந்தாற் கணினி இதனைச் சரிசெய்யும்.

கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு இரு வரிசைகளும் உவப்பாயில்லை. கங்காணி வாரியாக, செக்ரோல் இலக்கப்படி வாசித்தாலே ஆட்கள் தமக்கு முகத்தோடு தெரிவர் என்றார். ஆகவே ஒவ்வொரு கோப்புப்பெயரின் முன்னும் அவ்விலக்கத்தைச் சேர்த்தோம். 10 என்பது 2க்கு முன்னே வந்துவிடாதிருக்க, எல்லா இலக்கங்களையும் சுழியமிட்டு நான்கு தானமாக்கினோம். புள்ளி இப்போது எப்பெயருக்கும் முதலில் இல்லை. கட்டளையை மீண்டும் அடித்தபோது, பிரட்டுக்களத்தில் அவர் வாசித்த ஒழுங்கிலேயே பெயர்கள் திரையில் இறங்கின. முனியம்மா 0047ஆம் இலக்கத்தில் இருந்தாள்.